கோமதி ‘முடியாது’ என்று சொல்லவில்லை

1

பள்ளிக்கூடத்திலிருந்து பகல் நேரத்தில் போன் வந்தால், எடுப்பதற்கு முன்பே கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவேன். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. தென்காசிப் பக்கம் இலத்தூரில் என்னோடு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டிச் சிரிப்பார்கள்.

பிப்ரவரியில் அப்படி ஒரு போன் வந்தது. நாங்கள் இருப்பது நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஒரு சிறிய ஊர். நம் ஊரில் மாசி பிறக்கும் நேரம் இங்கே கோடைக்காலம். பள்ளிக்கூடங்களில் நீச்சல் சொல்லிக் கொடுக்கும் பருவம். நான் வேலை பார்க்கும் பால்பவுடர் தொழிற்சாலையில் அப்போதுதான் தலையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு உள்ளே போகத் தயாராகியிருந்தேன். பேசியவர் என் மகள் கோமதியின் வகுப்பு ஆசிரியை. “முதலில் சொல்லிவிடுகிறேன், கோமதி நன்றாக இருக்கிறாள்” என்று ஆரம்பித்தார். இந்த நாட்டுக்காரர்கள் அப்படி ஆரம்பித்தால், நன்றாக இல்லாத ஏதோ ஒன்று பின்னால் வருகிறது என்று அர்த்தம்.

நீச்சல் குளத்தில் பாதித் தூரம் போனதும் அவள் மூழ்கியிருக்கிறாள். கரையில் நின்ற பயிற்சியாளர் உடனே குதித்துத் தூக்கிவிட்டார். கொஞ்சம் தண்ணீர் குடித்ததோடு போயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு, உதடு வெளுத்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. என்னைப் பார்த்ததும் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

ஆசிரியை என்னைத் தனியே அழைத்துப் போனார். “இன்னொரு முறை நீந்த முடியுமா என்று கேட்டோம். ‘எஸ்’ என்றாள். கை கால் ஓய்ந்து போயிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. முடியாவிட்டால் ‘ஐ காண்ட்’ என்று சொல்லத்தான் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுத் தருகிறோம். சொன்ன உடனே நிறுத்திவிடுவோம். போன வருடம் கோமதி அதைச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். கொஞ்ச காலமாகச் சொல்வதே இல்லை” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வீட்டில் ஏதாவது நடந்ததா?” என்று கேட்டார்.

வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி போலீஸ் ஜீப் வாசலில் வந்து நிற்பதற்குச் சமம். குழந்தைகள் நல அலுவலகம் என்று ஒன்று உண்டு, வந்து விசாரிப்பார்கள், எழுதிக்கொள்வார்கள் என்று இங்குள்ள தமிழர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் நாங்கள் பேசிப் பேசி ஒருவரையொருவர் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். “நத்திங், நத்திங்” என்றேன். ஆனால் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லையா என்று எனக்கே நிச்சயமில்லை.

2

‘ஐ காண்ட்’ என்ற இந்தச் சொல்லோடு எனக்குள்ள பழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தென்காசியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. வெளிநாடு கிளம்புவதற்கு முன் அங்கே சேர்ந்தேன். வரிசையாக எழுந்து நின்று ‘ஐ காண்ட் ஸ்விம், ஐ காண்ட் ஃப்ளை, ஐ குடுண்ட் கம் யெஸ்டர்டே’ என்று ஒப்பிப்போம். பறக்க முடியாது என்று யாரிடம் போய்ச் சொல்லப்போகிறோம் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. சொல் வந்துவிட்டது. ஆனால் அதை ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

நம் பக்கத்தில் யார் அப்படிச் சொல்கிறோம்? சம்பந்தி வீட்டில் விசேஷம், உன்னால் வர முடியாது. “முடியாது” என்றா சொல்வாய்? “பாப்போம்” என்பாய். கேட்டவருக்கும் புரிந்துவிடும். அவரும் “கண்டிப்பா வந்திரணும்” என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு, உனக்கு இலை போடாமல் விட்டுவிடுவார். முகம் கோணாமல் காரியம் முடிந்துவிடும்.

இங்கே தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளர் வந்து, “சனிக்கிழமை வர முடியுமா?” என்று கேட்டார். அன்று செல்விக்கு டியூட்டி. செல்வி என் மனைவி, சிவகிரிக்காரி. இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நான் வீட்டில் இருந்தாக வேண்டும். நான் வெகு மரியாதையாக “ஐ வில் ஸீ” என்றேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். சனிக்கிழமை ஒரு ஷிப்டே எனக்காகக் காத்திருந்தது. திங்கட்கிழமை அவர் கோபப்படவில்லை. “முடியாது என்றால் முடியாது என்று சொல். யாரும் உன்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்” என்றார். 

அடுத்த தடவை சொல்லிப் பார்த்தேன். ‘ஐ காண்ட்’ என்றதோடு நிறுத்த வாய் வரவில்லை. மனைவியின் டியூட்டி, பிள்ளையின் சளி, கார் பேட்டரி எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே “நோ வொரீஸ்” என்று போய்விட்டார். எனக்கு நிம்மதிக்குப் பதிலாக வருத்தமாக இருந்தது. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. நான் அவருக்கு வேண்டாதவன் ஆகிவிட்டேனோ என்று அன்று முழுவதும் பயந்தேன்.

போகப் போகத்தான் விளங்கியது. இங்கே எல்லாமே அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஓடுகிறது. மூட்டையைத் தூக்கச் சொல்வார்கள், ஏணியில் ஏறச் சொல்வார்கள், பிள்ளையைத் தண்ணீரில் இறங்கச் சொல்வார்கள். நீ சொல்லாதவரை உன்னால் முடியும் என்றுதான் கணக்கு. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வேலையை யாரும் செய்வதில்லை. 

கோமதி இங்கேயே வளர்ந்தவள். பேச்சு வந்த நாளிலிருந்து அந்தச் சொல் அவளிடம் இருந்தது. சாப்பிட முடியாவிட்டால் முடியாது என்பாள். மலையேறும்போது பாதியில் உட்கார்ந்து முடியாது என்பாள். அதைக் கேட்டு எனக்குச் சில சமயம் கோபம்கூட வரும், பெரியவர்களிடம் இப்படியா வெடுக்கென்று பேசுவது என்று. அவளிடம் அது போய்விட்டது என்று ஆசிரியை சொன்னதும், எப்போது போனது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

3

போன ஆண்டு ஜூலையில் பள்ளி விடுமுறைக்குக் கோமதியை ஊருக்கு அழைத்துப் போனேன். செல்விக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் தங்கியது தென்காசியில் என் அக்கா வீட்டில். அம்மா போன பிறகு என்னைச் சோறு போட்டு வளர்த்தவள் அக்காதான். அத்தான் ஆலங்குளத்தில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், வாசலில் யார் நின்றாலும் “சாப்டாச்சா?” என்று அதட்டிக் கேட்பார்.

அந்த வீட்டில் பிள்ளைக்குக் கிடைத்த பாசத்தைப் பற்றிக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் முதல் நாளே பார்த்தேன். இரண்டு தோசை தின்றுவிட்டுக் கோமதி, “போதும் அத்தை, முடியாது” என்றாள். அக்கா மூன்றாவதை வைத்தாள்.

“அக்கா, அவ போதும்னா போதும்க்கா” என்றேன்.

“நீ சும்மா இருலே. பிள்ள கூச்சப்படுது. ஒரு தடவ வேண்டாம்னா விட்டுருவாகளா? அப்புறம் அத்தை வீடு எதுக்கு இருக்கு?”

அக்கா சொன்னதில் தப்பு இல்லை. நாமெல்லாம் அப்படி வளர்ந்தவர்கள்தான். முதல் ‘போதும்’ மரியாதைக்கு. இரண்டாவது ‘போதும்’ ஒரு பேச்சுக்கு. இலையை இரண்டு கையாலும் மறைத்துக் குனிந்தால்தான் உண்மையான ‘போதும்’. அதுவும் கை இடுக்கு வழியே சோறு விழுந்த பிறகுதான். நம் பிள்ளைகளுக்கு இந்தப் படிகள் எல்லாம் தெரியும். கோமதிக்கு ஒரே ஒரு படிதான் தெரியும். முடியாது என்றால் முடியாது.

அந்தச் சொல்லை அவள் அந்த வீட்டில் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள். கன்னத்தைக் கிள்ளியவர்களிடம் சொன்னாள். பாடச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் எல்லோரும் சிரித்தார்கள், ஒவ்வொரு முறையும் அவள் செய்துதான் தீர வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் அக்கா என்னிடம் பெருமையாகச் சொன்னாள்: “பாத்தியா, இப்பம்லாம் எதுத்துப் பேசுததே இல்ல. வச்சத திங்கா. பிள்ள திருந்திட்டா.” அன்று மத்தியானம் கோமதி கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

4

கிளம்புவதற்கு முன் குற்றாலம் போனோம். சீசன் நன்றாக இருந்தது. மெயின் அருவியில் தண்ணீர் அடித்து ஊற்றியது, ஆனால் குளிக்கத் தடை இல்லை. கூட்டம் நெரிந்தது. பெண்கள் குளிக்கும் பக்கம் தனி என்பது உங்களுக்குத் தெரியும். அக்காவும் அவள் மருமகளும் கோமதியை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். நான் துணிப்பையையும் செருப்புகளையும் காவல் காத்துக்கொண்டு எதிரே கைப்பிடிக் கம்பி ஓரத்தில் நின்றேன்.

அக்கா போகும்போதே சொல்லியிருந்தாள்: “ஒரு தடவ தலையக் காட்டிட்டா பயம் தெளிஞ்சிரும்லே. உன்னையும் அப்படித்தான் தெளிய வச்சேன்.” அருவியில் தலை காட்டினால் பிள்ளைகளுக்குப் பயம் போய்விடும் என்பது நம் வீடுகளில் எல்லோரும் நம்புவது. என்னைத் தெளிய வைத்த லட்சணம் நீங்கள் அறிந்ததே.

தூரத்தில் அவர்கள் தெரிந்தார்கள். இரண்டு பெண்களுக்கு நடுவில் கோமதி. அருவியின் பக்கம் வரை நன்றாகத்தான் நடந்தாள். தண்ணீர் விழும் இடம் வந்ததும் பின்வாங்கினாள். அக்கா குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். கோமதியின் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. அந்த வாயசைவை எனக்குத் தெரியும். அதே சொல். அருவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவளை உள்ளே கொண்டு போனார்கள்.

தண்ணீர் அவள் தலையில் விழுந்ததும் முகம் காணாமல் போனது. கால்கள் மட்டும் தெரிந்தன. அவை வழுக்கின. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு “அக்கா, விடு” என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவருக்கே அது கேட்டிருக்காது. அந்தப் பக்கம் ஓட முடியாது. பெண்கள் குளிக்கும் இடம், பெண் போலீஸ் நிற்கிறார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, நிறுத்து நிறுத்து என்று ஆட்டினேன். அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். ஒரு கையை விடுவித்து, முகமெல்லாம் சிரிப்பாக, எனக்குக் கையாட்டினாள். நான் சந்தோஷத்தில் ஆட்டுவதாக நினைத்துவிட்டாள். நான் இன்னும் வேகமாக ஆட்டினேன். அவளும் வேகமாக ஆட்டினாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதிகம் இருக்காது. வெளியே கொண்டு வந்தபோது கோமதி மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். கண் சிவந்திருந்தது. அக்கா துண்டால் அவள் தலையைத் துவட்டி, நெற்றியில் முத்தம் கொடுத்தாள். “பயம் போச்சாட்டி?” என்று கேட்டாள்.

“ஓகே அத்தை” என்றாள் கோமதி.

இதை நானும் அவளும் யாரிடமும் பேசவில்லை. திரும்பி வரும் வழியில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்கள். வைத்ததை எல்லாம் தின்றாள்.

5

இங்கே வந்த பிறகு அந்த ‘ஓகே’ நிற்கவில்லை. முதலில் செல்வி சந்தோஷப்பட்டாள், ஊருக்குப் போய் வந்து பிள்ளை பணிவாகிவிட்டாள் என்று. எனக்கு மட்டும் அது பணிவாகத் தெரியவில்லை. பல் டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். கண்ணோரம் நீர் வழியும். பெரிய பிள்ளைகள் மரத்தில் ஏறக் கூப்பிட்டால் ஓகே. சறுக்கில் தலைகீழாக வரச் சொன்னால் ஓகே. பூங்காவில் நான் அவளைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. யாரோ அவளிடம் ஏதோ கேட்கிறார்கள் என்றாலே எழுந்து நின்றுவிடுவேன். இன்றைக்கு மரத்தில் ஏறச் சொல்கிறார்கள். இவள் வளர்ந்து பெரியவளான பிறகு யார் யார் என்னென்ன கேட்பார்களோ, எல்லாவற்றுக்கும் ஓகே சொல்லிக்கொண்டு நிற்பாளோ என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

நீச்சல் குளத்துச் சம்பவத்தன்று சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். “கை ஓய்ஞ்சு போச்சுன்னா சொல்ல வேண்டியதுதானம்மா?”

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். “சொன்னா ஒண்ணும் ஆகாதே அப்பா. இட் டஸ்ன்ட் வொர்க்.”

செல்வி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அருவியில் நடந்ததை அன்றுதான் அவளுக்கு முழுதாகச் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. “இங்கன நாம நூறு தடவ கேட்டாலும் அவளுக்கு நம்பிக்க வராதுங்க. எங்கன அது பலிக்காமப் போச்சோ அங்கன பலிக்கணும். உங்க அக்காகிட்ட நீங்கதான் சொல்லணும்” என்றாள்.

மறுநாள் ஆசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொள்வார் என்று பயந்தேன். அவர் பேனாவைத் தொடவில்லை. நீச்சல் வகுப்பில் கோமதியை ஆழமில்லாத பக்கம் மாற்றினார்கள். அந்தக் காரியம் அவ்வளவு சுலபமாக முடிந்தது. அக்காவிடம் சொல்லும் காரியம் மட்டும் வாரா வாரம் தள்ளிப்போனது. என்னை வளர்த்தவளிடம், அவள் ஆசையாகக் கூப்பிடும்போது, முடியாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அந்த வீட்டுக் கதவை எனக்குச் சாத்திவிடுவாள் என்று பயந்தேன். தென்காசியில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு கதவுதான்.

6

மே மாதக் கடைசி ஞாயிறு. எங்களுக்குப் பொழுது அடைந்து இருட்டிய நேரம், அவர்களுக்கு மத்தியானம். வழக்கம்போல வீடியோவில் பேசினோம்.

“மாப்ளே, மலையில மேகம் கட்டிட்டு. சீசன் முந்தியே தொடங்கிரும் போல. டிக்கெட் போட்டாச்சா?” என்றார் அத்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனை வாங்கிவிட்டாள். “கோமு எங்கன? ஏட்டி, இந்தத் தடவ ஐந்தருவிக்குப் போவோம். அங்கன பிரிஞ்சு பிரிஞ்சு விழும், பயமே இருக்காது. அருவியில நிப்பேல்லா?”

“ஓகே அத்தை” என்றாள் கோமதி. யோசிக்கக்கூட இல்லை.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் கோமதியிடம், “நெசமாவே உனக்கு ஓகேவாம்மா? இல்லைன்னா சொல்லு” என்றேன். அவள் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில், “அருவி முடியாது அத்தை” என்றாள்.

அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். “கேட்டியளா உங்க மருமக பேச்ச” என்று அக்கா அத்தானிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். “அதெல்லாம் முடியும்ட்டி. அத்தை பிடிச்சுக்கிடுதேன்லா?”

கோமதியின் முகம் அப்படியே அடைத்துக்கொண்டது. ‘ஓகே’ என்று சொல்ல அவள் உதடு குவிவதைப் பார்த்தேன்.

“அக்கா” என்றேன். “அவ முடியாதுன்னு சொல்லுதா.”

“கேட்டுச்சுலே. சின்னப் பிள்ளைக அப்படித்தான் சொல்லும்.”

“இல்லக்கா. முடியாதுன்னா முடியாதுதான். அவகிட்ட இன்னொரு தடவ கேக்காத.”

தென்காசியில் சிரிப்பு நின்றது. அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். முடிந்தது என்று நினைத்தேன். இனி ஞாயிற்றுக்கிழமை போன் வராது. வந்தாலும், விருந்தாளியிடம் கேட்பதுபோல சௌக்கியமா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

அக்கா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். பேசியபோது குரல் இறங்கியிருந்தது. “போன சீசன்லயும் இதத்தாம்லே சொன்னா. அருவிக்குள்ளயும் சொல்லிக்கிட்டேதான் இருந்தா. கைய பிடிச்சிருந்தவ நாந்தான, எனக்குக் கேட்டுச்சு. சும்மா சொல்லுதான்னு நெனச்சேன்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “வேண்டாம்ட்டி கோமு. நீ அருவிக்கு வர வேண்டாம். வீட்டுல இரு, நானும் உங்கூட இருக்கேன்.”

கோமதி போனுக்கு மிக அருகில் போனாள். நம்பலாமா என்று பார்ப்பவள்போல அத்தையின் முகத்தையே பார்த்தாள். பிறகு, “நீங்க இங்க வாங்க அத்தை. பிளேன்ல” என்றாள்.

நாங்கள் இங்கே வந்த நாளிலிருந்து நான் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். “பாப்போம்லே” என்பாள். மழை முடியட்டும், அறுப்பு முடியட்டும், அத்தானுக்கு முட்டுவலி சரியாகட்டும். நானும் விடாமல் வருடா வருடம் கேட்பேன். இப்போதும் அதே ‘பாப்போம்’ வரும் என்றுதான் இருந்தேன்.

“என்னால முடியாதுட்டி” என்றாள் அக்கா. “அத்தைக்குப் பிளேன்னா பயம். டிவியில காட்டினாலே காலு விறைச்சிரும். உங்க அப்பன் கூப்பிடும்போதெல்லாம் சொல்லணும்னு நெனப்பேன். சொன்னதில்ல.”

அத்தான் துடைப்பதை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்த அவருக்கும் அது புதுச் செய்தி. ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா, நான் வந்து கூட்டிட்டு வாரேன்’ என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. செல்வி என் காலை மிதித்தாள்.

“ஓகே அத்தை” என்றாள் கோமதி. இன்னொரு தடவை கேட்கவில்லை.